கைப்பட வரைந்த எழுத்தையும் எழுத்துருவையும் ஒரே சுவரில் மாட்டலாமா?

பிப்ரவரி 8 (கேள்வி)

நாங்கள் சிலர் சேர்ந்து எழுத்துக் கலைக்கென்று ஒரு கண்காட்சி நடத்தப் போகிறோம். யார் வேண்டுமானாலும் படைப்பு அனுப்பலாம். குழுவில் பாதிப் பேர் கணினி எழுத்துருவில் அமைத்த தாள்களையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்துரு என்பது கருவி. ஓவியக் கண்காட்சியில் தூரிகையையா காட்சிக்கு வைக்கிறோம்? கையால் எழுதியது மட்டும் சுவருக்கு வந்தால் போதும் என்பது என் கருத்து. இப்படி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு (பதில்)

நானும் உங்கள் கட்சிதான். எங்கள் கண்காட்சி மார்ச் 15 அன்று தொடங்குகிறது. படைப்புகளைப் பிரித்து மாட்டும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இதுவரை வந்த 43-இல் 31 கைப்பட வரைந்தவை, 12 எழுத்துருவில் அமைத்தவை. பெரிய கூடம் முழுவதும் கைவேலைக்கு, உள்ளே இருக்கும் சிறிய அறை எழுத்துருவுக்கு என்று பிரித்துவிட்டேன். இரண்டையும் ஒரே சுவரில் மாட்டினால் பார்ப்பவர் கண் வழவழப்பான பக்கமே போகும். பென்சில் கோட்டை அழித்த தடம், மை சற்றே ஊறிய ஓரம், இவற்றின் முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள். எனக்கு அந்த ஊறிய ஓரம்தான் வேண்டும்.

பிப்ரவரி 9

கையெழுத்து அழகாக இருப்பவர்கள் எல்லாரும் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக. ஆனால் இந்தத் துறையில் மூன்று வினைகள் உண்டு: எழுதுவது, வரைவது, கோப்பது. அவற்றைக் கலந்துவிட்டால் பேச்சு குழம்பும்.

வனப்பெழுத்துக்காரர் எழுதுகிறார். தட்டை முனைப் பேனாவை ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டால், கை போகும் திசையைப் பொறுத்துத் தடிப்பும் மெலிவும் தாமாக விழும். விழுந்த கோட்டுக்குத் திருத்தம் கிடையாது. எழுத்து வரைபவர் வழி வேறு. பென்சிலால் உருவம் போட்டு, அழித்து, டிரேசிங் தாளை மேலே வைத்து மறுபடி போட்டு, ஓரத்தைத் தீட்டிய பிறகு உள்ளே நிரப்புகிறார். ஒரு 'ழ'வுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். பார்ப்பவருக்கு ஒரே வீச்சில் எழுதியதுபோல் தெரியும். மூன்றாமவர் கோப்பவர். முன்பே செய்துவைத்த எழுத்துகளை எடுத்து அடுக்குகிறார். ஈய எழுத்துக் காலத்திலிருந்து 'அச்சுக் கோப்பது' என்று சொல்லிவருவது இதைத்தான். இன்று விசைப்பலகை முன் உட்காரும் எல்லாரும் கோப்பவர்களே.

முதல் இரண்டுக்கும் பெரிய கூடம். மூன்றாவதற்கு உள்ளறை. இதுதான் என் கணக்கு.

பிப்ரவரி 9, மதியம்

'முன்பே செய்துவைத்த எழுத்துகள் என்று எழுதினீர்களே, செய்துவைத்தது யார்?' என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். எழுத்துரு வடிவமைப்பவர். அவர் எழுதுகிறாரா, வரைகிறாரா, கோக்கிறாரா? வரைகிறார் என்றுதான் சொல்லியாக வேண்டும். அப்படியானால் என் மூன்று வினைக் கணக்கில் அவரை உள்ளறைக்கு அனுப்ப எனக்கு நியாயம் இல்லை. யோசிக்கிறேன்.

பிப்ரவரி 14

ஒரு சிக்கல். 'கைப்பட வரைந்தது' என்ற பிரிவில் நேற்று ஒரு படைப்பு வந்தது. பெரிய வெள்ளைத் தாள், கறுப்பு மை, நான்கே வரி. பிரித்தவுடன் பேச்சு வரவில்லை. ஒற்றைக் கொம்பின் சுழி நீர்த்துளிபோல் திரண்டிருந்தது. புள்ளிகள் முழு வட்டமாக இல்லாமல் சாய்ந்த விதைபோல் இருந்தன. 'ற'வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே தயங்கித் திரும்பியது. கூடத்தின் நடுச்சுவர் இதற்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரவு மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. முதல் வரியில் 'பக்கங்கள்' என்று ஒரு சொல். அதில் ககரம் மூன்று முறை வருகிறது. மனிதக் கை மூன்று முறை 'க' எழுதினால் மூன்றும் உடன்பிறந்தவைபோல் இருக்கும், ஆனால் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. டிரேசிங் தாளில் முதல் 'க'வைப் படியெடுத்து இரண்டாவதன் மேல் நகர்த்தினேன். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. மூன்றாவதிலும் அப்படியே. 'க்'கின் புள்ளியும் 'ள்'ளின் புள்ளியும் ஒரே புள்ளி.

எழுத்துருவில் கோத்து அச்சடித்துவிட்டுக் கைவேலை என்று அனுப்பியிருக்கிறார்கள். 'உங்கள் படைப்பு பிரிவு மாற்றப்படுகிறது, பதிவில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. நடுச்சுவரை ஒதுக்கி வைத்த பிறகு இப்படித் தெரியவந்தது வலிக்கிறது.

உங்கள் கண்காட்சியில் இதைச் சோதிக்க விரும்பினால், ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களோடு நின்றுவிடாதீர்கள். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து, அவை மாறி மாறி வரும்படி செய்த எழுத்துருக்களும் உண்டு. நான்கைந்து வரி தள்ளியும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 15

பதில் வந்துவிட்டது. அனுப்பியவர் பதினாறு வயதுப் பெண். கடிதத்தின் சாரத்தை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அந்த எழுத்துருவே அவர் செய்தது. ஒன்றரை ஆண்டு வேலை. தூரிகைப் பேனாவால் ஒவ்வொரு எழுத்தையும் இருபது முறை எழுதி, இருபதில் ஒன்றைத் தேர்ந்து, படமெடுத்துக் கணினியில் ஏற்றி, ஓரத்தில் உள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து வளைவுகளைச் சீராக்கியிருக்கிறார். 'கைப்பட வரைந்தது' என்று அவர் பதிவு செய்தது பொய் இல்லை. எல்லா எழுத்தையும் அவர் கைதான் வரைந்தது.

மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். குற்றம் சாட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனது தவறு.

கடிதத்தில் ஒரு பகுதி மனத்தை விட்டுப் போகவில்லை. உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் நான்கு மாதம் ஆனதாம். துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு எல்லாம் எழுத்துக்கு வெளியே தனியே நிற்பவை. ஒருமுறை வரைந்தால் எந்த மெய்யின் பக்கத்திலும் நிறுத்தலாம். உகரமும் ஊகாரமும் எழுத்தின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஆளுக்கொரு விதமாக. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும் குடும்பம். ஞு, ணு, து, நு, லு, று, னு வளைந்து மேலேறும் குடும்பம். ஊகாரத்தில் இந்த உறவுமுறையும் மாறுகிறது: சூ தன் குடும்பத்தை விட்டுக் கூ பக்கம் போய்விடுகிறது. 18 மெய்க்கு இரண்டிரண்டாக 36 வடிவம், ஒவ்வொன்றும் தனி வேலை.

அவர் ஙூ வரை விடாமல் வரைந்திருக்கிறார். "ஙூ எந்தச் சொல்லில் வரும்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரிந்து எதிலும் வராது. ஆனால் யாராவது என்றைக்காவது அதைத் தட்டினால் வெற்றுக் கட்டம் வரக்கூடாது" என்று பதில் எழுதினார்.

பிப்ரவரி 15, சற்று நேரம் கழித்து

ஆத்திசூடியில் 'ஙப்போல் வளை' என்று வருகிறதே, நினைவிருக்கிறதா? ங வளைந்திருப்பதுபோல் நீயும் வளைந்து பணிந்து போ என்று சொல்கிறது என்றுதான் சின்ன வயதில் எண்ணியிருந்தேன். உரைகாரர்கள் சொல்வது வேறு. ங தான் மட்டும் சொற்களில் பயன்பட்டுக்கொண்டு, பயன்படாத ஙா, ஙி, ஙீ என்று தன் வருக்கம் முழுவதையும் தழுவி வைத்திருக்கிறது, அதுபோல் உன் சுற்றத்தைத் தழுவிக்கொள் என்கிறார்கள். அந்த ங-வும் அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் போன்ற சில சொற்களில்தான் தலைகாட்டுகிறது.

ஒரு பெண் உட்கார்ந்து அந்தச் சுற்றத்துக்கும் உருவம் கொடுத்திருக்கிறாள். அவளை உள்ளறைக்கு அனுப்ப என்னால் முடியாது.

பிப்ரவரி 17

'ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்சி மாறிவிட்டீர்கள்' என்கிறீர்கள். ஆமாம், மாறிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாகப் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கைக்கும் அச்சுக்கும் நடுவில் நான் போட்ட சுவர் எங்குமே நேராக நிற்கவில்லை.

ரோமில் டிராஜன் தூணின் அடியில் கி.பி. 113-ஐச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. லத்தீன் பெரிய எழுத்துகளுக்கு இன்றைக்கும் முன்மாதிரி. அது உளியின் பிள்ளை என்றே நெடுங்காலம் கருதினார்கள். எட்வர்டு கேட்டிச் என்ற பாதிரியார் இளமையில் விளம்பரப் பலகை எழுதிப் பழகியவர். அவர் அந்த எழுத்துகளின் தடிப்பையும் மெலிவையும் பார்த்துவிட்டு, முதலில் தட்டைத் தூரிகையால் கல்லில் எழுதி, அதன் மேல்தான் வெட்டியிருக்கிறார்கள் என்று வாதிட்டார். பலகை எழுதிய கைக்குத்தான் அது தெரிந்தது.

கூட்டன்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1455-ஐ ஒட்டி அவர் அச்சிட்ட 42 வரி விவிலியத்தில் ஏறக்குறைய 290 வடிவங்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். லத்தீன் மொழிக்கு அத்தனை எழுத்து தேவையே இல்லை. ஏடெழுதுபவர்கள் ஒரே எழுத்தைச் சில இடங்களில் ஒடுக்கியும் சில இடங்களில் அடுத்த எழுத்தோடு சேர்த்தும் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தையெல்லாம் ஈயத்தில் வார்த்ததால் வந்த எண்ணிக்கை அது. 1916-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு எழுத்துரு செய்தவர் எட்வர்டு ஜான்ஸ்டன். தட்டை முனைப் பேனா எழுத்தை மீட்டெடுத்து ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த ஆசிரியர் அவர்தான்.

நம் கதையும் இப்படித்தான். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அச்சானது. வெறும் 16 பக்கம். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்தை முதன்முதலாக வார்த்தவர்களுக்கு ஏட்டையும் எழுதும் கையையும் தவிர வேறு என்ன மாதிரி இருந்திருக்கும்?

பிப்ரவரி 18

'கைவேலையின் பிழைதான் அழகு, எழுத்துருவுக்குப் பிழை செய்யத் தெரியாது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை என்னால் ஏற்க முடியாது. எழுத்து வரைபவர்கள் ஆண்டுக்கணக்காகப் பாடுபடுவது பிழையைக் குறைக்கத்தான். அவர்கள் மிச்சம் விட்ட நடுக்கத்தைப் பாராட்டிவிட்டு, வென்றெடுத்த நேர்த்தியைப் பார்க்காமல் போவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. நான் முதல் நாள் எழுதிய 'ஊறிய ஓரம்' என்பதும் கிட்டத்தட்ட இதே தவறுதான். திரும்பப் பெறுகிறேன்.

பிப்ரவரி 21

சற்று விலகிப் போகிறேன். படைப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகள் தயாராகின்றன. ஓர் அட்டையில், 'நேர்க்கோடு ஓலையைக் கிழிக்கும் என்பதால் தமிழ் எழுத்துகள் வளைந்தன' என்று எழுதி வந்திருக்கிறது. எல்லாரும் சொல்வதுதான். ஆனால் ட, ப, ம, ய எல்லாம் ஓலையில் எழுதப்பட்ட எழுத்துகள்தானே? 'க'வுக்கும் 'த'வுக்கும் மேலே கிடைக்கோடு இருக்கிறதே? தஞ்சைப் பெரிய கோயிலில் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய தமிழ் எழுத்துகளிலும் வளைவு நிறையவே இருக்கிறது. கல்லுக்குக் கிழியும் பயம் இல்லை.

ஓலைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. முழுக் காரணத்தையும் அதன் தலையில் கட்ட வேண்டாம் என்கிறேன். எழுத்தாணி தமிழுக்குச் செய்த வேறொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுத்தாணிக்குத் தடிப்பும் மெலிவும் தெரியாது. ஒரே பருமனில் கீறும். பிறகு கரியைத் தடவித் துடைத்தால் கீறல் கறுப்பாகத் தெரியும். லத்தீன் எழுத்தில் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதைப் பேனாவும் தூரிகையும் முடிவு செய்து கொடுத்துவிட்டன. எழுத்தாணி அப்படி எதையும் விட்டுச்செல்லவில்லை. அதனால் தட்டைப் பேனாவை எடுக்கும் தமிழ் எழுத்துக்காரர் ஒவ்வொருவரும் தடிப்பை எங்கே வைப்பது என்று தாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வந்திருக்கும் 31 கைவேலைகளில் 'ண'வின் தடிப்பு ஆறு வெவ்வேறு இடங்களில் விழுந்திருக்கிறது. மேசையில் பரப்பிவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓலையில் புள்ளியை விட்டுவிட்டு எழுதியதற்கும் இதே ஓலைதான் காரணம். குத்தினால் ஓட்டை விழும்.

பிப்ரவரி 22

புள்ளியைப் பற்றி எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். இடைக்காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லை என்று சுட்டியவருக்கு நன்றி. மற்றவர்கள் எல்லாவற்றையும் ஓலையின் தலையில் கட்டுவதாகக் குறை சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் நானும் அதையே செய்திருக்கிறேன். இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று ஊகித்துப் படிக்கும் பழக்கம் படிப்பவர்களிடம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எ, ஒ இரண்டும் புள்ளி பெறும் என்கிறது தொல்காப்பியம். அந்தப் புள்ளியையும் விட்டுவிட்டால் எகரமும் ஏகாரமும் ஒன்றாகிவிடும். இன்று நாம் எழுதும் வேறுபாடு வீரமாமுனிவர் (1680–1747) செய்த மாற்றத்தின் வழியில் வந்தது. எழுத்து வரைகிறவர்களுக்குப் புள்ளி இன்றும் எளிதான காரியம் இல்லை. எவ்வளவு பெரிது, எவ்வளவு உயரம், எழுத்தின் நடுவிலா அல்லது கண்ணுக்கு நடுவாகத் தெரியும் இடத்திலா? 'ட்'டின் மேல் சரியான நடுவில் வைத்த புள்ளி எனக்கு எப்போதும் இடம் தவறியதாகவே தெரிகிறது.

மார்ச் 2

வெளிச்சுவரில் தொங்கவிட அச்சடித்த பதாகை வந்தது. பிரித்தோம். 'எழுத்தோவியக் கண்காட்சி' என்பதில் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, துணைக்கால் தனியே கிடக்கிறது, புள்ளிகள் எழுத்துக்குப் பக்கத்தில் மிதக்கின்றன. எழுத்துக்காக நடத்தும் கண்காட்சியின் வாசலில் இப்படி. சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று பலர் கேட்டதால் சொல்கிறேன். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் 'தோ' என்று ஓர் எழுத்து கிடையாது. 'த' முதலில், ஓகாரக் குறி அடுத்து என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எல்லாம் வந்த வரிசையிலேயே நிற்கும். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்தாக இல்லாமல் வெறும் வரைபடமாக) மாற்றி அனுப்புங்கள். திரும்பி வரும் மாதிரியைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கட்டும்.

மறுபடி அச்சடிக்க நேரம் இல்லை. கலந்துகொள்பவர்களில் ஒருவர் நாற்பது ஆண்டு பலகையும் சுவரும் எழுதியவர். "துணி இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார். சாக்பொடி தோய்த்த நூலை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, நூல் அடித்துக் கோடு போட்டார். எழுத்துகளை எண்ணி, நடு எழுத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு போனார். எந்த வடிவத்தில் எழுதப் போகிறீர்கள் என்று கேட்டோம். மேசையில் இருந்த அந்தப் பெண்ணின் தாளைக் காட்டினார்.

மார்ச் 3

பலகை ஓவியர் ஐயா நேற்று செய்ததை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அந்த எழுத்துருவை அப்படியே படியெடுக்கவில்லை. எட்டடி அகலத்துக்கு எழுதும்போது புள்ளியைச் சிறிதாக்கினார். எழுத்துகளை நெருக்கினார். கொம்பின் சுழியில் வெள்ளையைக் கூட்டினார். "தாளில் நன்றாக இருக்கிற இடைவெளி, தூரத்திலிருந்து பார்த்தால் ஓட்டையாகத் தெரியும் அம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். பெரிய அளவுக்கென்று தனியாக இன்னொரு எழுத்துரு செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவருடைய சொந்தப் படைப்பு 'கலை' என்ற ஒரே சொல். பழைய துதிக்கை 'லை'யில் (ஐகாரக் குறி தனியே நிற்காமல், துதிக்கைபோல் எழுத்தோடு ஒட்டி வளையும் வடிவம்) எழுதியிருக்கிறார். குழுவில் இருந்த இளையவர் ஒருவர் இது பிழை என்று ஒதுக்கிவைத்திருந்தார். பிழை இல்லை. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறிய 13 எழுத்துகளில் லை ஒன்று. ணை, லை, ளை, னை நான்கும், ணகர, றகர, னகரங்களின் ஆ, ஒ, ஓ வரிசைகளில் ஒன்பதும். பெரியார் 1935 முதலே குடி அரசு இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்திவந்தார். அந்த மாற்றம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் பெரிய உதவி, எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் பழைய 'லை'யின் துதிக்கை எழுத்தை அணைத்துக்கொண்டு மேலே எழும் அழகைத் தூரிகையில் பார்க்க வேண்டும். விளக்க அட்டையில் 1978-ஐக் குறிப்பிட்டு, அதை வாசலுக்கு நேர் எதிரே மாட்டுகிறேன்.

மார்ச் 10

மாட்டும் வேலை தொடங்கிவிட்டது. படைப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும் என்பது பொதுவான வழக்கம். அதைப் பின்பற்றுகிறேன். ரசமட்டம் வைத்து நேர் பார்த்தாலும், எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் தாள் கோணலாகவே தெரிகிறது. இரண்டில் சட்டத்தின் பக்கம் நின்றேன், ஒன்றில் கண்ணின் பக்கம் நின்றேன். எழுத்துக்குள்ளும் இதே கதைதான்: 'ல'வின் வளைவு அடிக்கோட்டை ஓர் இழை தாண்டினால்தான் 'ப'வின் தட்டையான அடியோடு சமமாகத் தெரியும். கோட்டில் துல்லியமாக நிறுத்தினால் வளைவு மேலே தூக்கியதுபோல் இருக்கும்.

உள்ளறையை மூடிவிட்டேன். வந்தவை எல்லாம் ஒரே கூடத்தில்.

எப்படிக் கலந்தேன் என்று கேட்டீர்கள். கை, எழுத்துரு என்ற பிரிவையே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு படைப்புக்கும் கீழே அதன் முந்தைய படிகள் இருக்கின்றன. பென்சில் தாள், அழித்த தாள், ஒதுக்கிய பத்தொன்பது 'க'. முடிந்த வேலை மட்டும் சுவரில் இருந்தால் வழவழப்பு வெல்லும் என்று பயந்தேன் அல்லவா? படிகளையும் வைத்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெளிந்த வேறுபாடு ஒன்றுதான். எழுத்து வரைபவருக்குத் தன் சொல் தெரியும். 'கலை' எழுதியவருக்குக் 'க'வின் பக்கத்தில் வரப்போவது 'லை' என்று தெரியும். அதனால் 'க'வின் வாலைச் சுருக்கி, துதிக்கைக்கு இடம் விட்டிருக்கிறார். அந்தக் 'க'வை வெட்டியெடுத்து வேறு சொல்லில் வைத்தால் நொண்டும். எழுத்துரு செய்பவருக்குப் பக்கத்தில் யார் வருவார் என்று தெரியாது. தான் பார்க்கவே போகாத சொற்களுக்காக, தெரியாத அண்டை வீட்டாரோடு ஒத்துப்போகும்படி ஒவ்வொரு எழுத்தையும் வளர்த்து அனுப்புகிறார். எது உயர்ந்தது என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினால்தான் ஒன்று மற்றொன்றை விளக்குகிறது என்பதை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டேன்.

மார்ச் 16

நேற்று திறந்தோம். கூட்டம் நன்றாக இருந்தது.

தூரிகையையா காட்சிக்கு வைப்போம் என்று முதல் நாள் கேட்டீர்கள். வைத்தோம். பலகை ஓவியர் ஐயாவின் தூரிகைகள் ஏழு. முடி ஒரு பக்கமாகத் தேய்ந்து, அவர் கை சாயும் கோணத்திலேயே நிற்கின்றன. பக்கத்தில் அவர் கையை ஊன்றி எழுதும் கோல். அதிக நேரம் ஆட்கள் நின்ற இடங்களில் அந்த மேசையும் ஒன்று.

இன்னோர் இடம், ங வரிசை. அந்தப் பெண்ணின் எழுத்துருவிலிருந்து ங, ஙா, ஙி என்று ஙௌ வரை ஒரே தாளில் பெரிதாக அச்சிட்டு, 'ஙப்போல் வளை' என்று மட்டும் எழுதிவைத்தேன். பெரியவர்கள் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்கள். ஒரு சிறுவன் "ஙொய் என்று அழும் தம்பிக்கு இந்த எழுத்து வேண்டும்" என்று சொன்னான். கூடமே சிரித்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் 'ஙொ வரும்' என்று எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

மார்ச் 24

நேற்றோடு முடிந்தது. நாளை எல்லாவற்றையும் இறக்குகிறோம்.

கடைசி நாள் மாலை, ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோத்த முதியவர் ஒருவர் வந்தார். ங வரிசையின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் வேலை செய்த இடத்தில் எழுத்துப் பெட்டியில் ங, ங் இரண்டுக்குத்தான் அறை இருந்ததாம். மற்றவை வரவே வராது என்பதால் வாங்கவில்லையாம். அப்படியானால் அரிச்சுவடி அச்சடிக்கும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனியாக பிளாக் (முழுவதும் ஒரே தகடாக உள்ள அச்சு) செய்து வரும், அதை அப்படியே ஃபார்மாவில் (அச்சடிக்கப் பூட்டும் பக்கத் தொகுப்பில்) பூட்டிவிடுவோம் என்றார். "எழுத்தைக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்குத்தான் இது வேண்டும். கற்ற பிறகு யாருக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பயிற்சி மேசையில் உட்கார்ந்து, தட்டைப் பேனாவை வாங்கி ஙூ எழுதினார். முதல் தடவை சுழி தப்பியது. மறுபடி எழுதினார். பக்கத்தில் இருந்த சிறுமி அவர் எழுதுவதைப் பார்த்துத் தானும் ஒன்று எழுதினாள்.

இரண்டு தாளையும் ங வரிசைக்குக் கீழே மாஸ்க்கிங் டேப்பால் ஒட்டினேன்.

உங்கள் கண்காட்சிக்கு ஏதாவது அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ங வரிசைத் தாளையும் இந்த இரண்டு தாளையும் அனுப்புகிறேன். பெண்ணிடமும் முதியவரிடமும் சிறுமியின் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன், சம்மதம். தட்டையாக, நடுவில் மடிக்காமல் வரும். சுவரில் ஒட்டிய டேப்பை உரிக்கும்போது தாளை இழுக்காதீர்கள். தாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பை அதன் மேலேயே மடித்துத் தாழ்வாக இழுத்தால் மை உரியாது.